அப்னாவின் கோப்பையில் என்ன இருந்தது

அனுப்புநர்:
மீராமுகைதீன் ஹாஜறா,
செயலாளர், வாகையடி மாதர் சங்கம்,
தைக்கா வீதி, வாகையடிக் குறிச்சி,
கல்முனை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு,
சிறுவர் வயிற்றோட்ட நோய் ஆய்வுத் திட்டம்.

விடயம்: ஆய்வுக்காக எடுத்துச் செல்லப்பட்ட மல மாதிரியின் முடிவைப் பிள்ளையின் தாய்க்கு அறிவிக்காமை, அதனால் கைக்குழந்தை ஒன்றுக்கு ஏற்பட்டுள்ள ஆபத்து ஆகியன தொடர்பான முறைப்பாடு.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

1. தாங்கள் ஐயாவா அம்மணியா என்று அறிந்து, அதற்கேற்ப விளித்து எழுதவே விரும்பினேன். தங்கள் திட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அந்த விபரத்தைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார் பேசியவர். அந்த அலுவலகத்திலிருந்து 'அனுமதி இல்லை' என்பதைத் தவிர வேறெதையும் நாங்கள் இதுவரை பெற்றதில்லை. ஆதலால் எனக்கு அது புதுமையாகவும் இருக்கவில்லை. பொதுவாகத் தலைவர் அவர்கள் என்றே எழுதுகிறேன், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். 2023ஆம் ஆண்டு மாரி தொடங்கும்போது தங்கள் திட்டத்தின் ஆய்வாளர்கள் எங்கள் குறிச்சிக்கு வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மாரிக்கு மாரி வயிற்றோட்டம் ஏன் வருகிறது, வந்தால் வீட்டில் என்ன வைத்தியம் நடக்கிறது, அதில் எது பலன் தருகிறது என்பதைக் கண்டறிவதே நோக்கம் என்று பாடசாலை மண்டபத்தில் விளக்கினார்கள். நல்ல நோக்கம். இந்த மனுவை எழுதும் இன்றைக்கும் அதை நான் நல்ல நோக்கம் என்றே சொல்வேன்.

3. அதற்கு அவர்களுக்குப் பிள்ளைகளின் மலம் தேவைப்பட்டது. மூடி போட்ட பிளாஸ்திக் கோப்பையும் ஒரு சிறிய கரண்டியும் தந்தார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டதும் அதில் எடுத்து வைக்க வேண்டும், அவர்கள் ஐஸ் போட்ட நீல நிற ரெஜிபோம் பெட்டியோடு வந்து வாங்கிச் செல்வார்கள். முதல் நாள் அந்தப் பெட்டியைக் கண்டு மீன் வந்திருக்கிறது என்று சட்டியோடு வெளியே வந்த பெண்களும் உண்டு. விஷயம் தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆய்வாளர்களுக்கு எங்கள் வீதியில் வைக்கப்பட்ட பட்டப்பெயரை ஓர் உத்தியோகபூர்வ மனுவில் எழுத முடியாது.

4. அந்தக் கதவுகளைத் திறப்பித்தவள் நான். வீடு வீடாகப் போனேன். வெட்கப்பட்டவர்களிடம், பிள்ளை போவதில் என்ன வெட்கம் என்று கேட்டேன். கோப்பையைக் கொண்டுபோய்ச் செய்வினை செய்துவிடுவார்கள் என்று பயந்தவர்களிடம், இவர்கள் படித்த டொக்டர்மார், அதற்கெல்லாம் இவர்களுக்கு நேரமில்லை என்று சொன்னேன். சம்மதம் கேட்டபோது ஒவ்வொரு வீட்டிலும் நானும் கூடவே இருந்தேன். "முடிவு வந்ததும் உங்களுக்குத் தமிழில் அறிவிப்போம்" என்று ஆய்வு உதவியாளர் செல்வி வினோஜா எல்லா வீட்டிலும் சொன்னார். அந்த வாக்கை நம்பித்தான் கதவுகள் திறந்தன. அதற்குப் பிணை நின்ற முகம் என்னுடையது. இன்று கடைக்குப் போனாலும் கலியாண வீட்டுக்குப் போனாலும் அந்த முகத்தைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள்.

5. இனி என் தங்கையைப் பற்றி எழுத வேண்டும். பஹ்மிதா என் கடைசித் தங்கை, அடுத்த வளவில் இருக்கிறாள். அவளுடைய தலைப்பிள்ளை அப்னா. ஒரு வயது கடந்து, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் 'உம்மா' என்று பேசத் தொடங்கும்போது இவள் 'தா' என்றுதான் தொடங்கினாள். யார் கையில் எதைக் கண்டாலும் தா. 2024 தை மாத வெள்ளம் வடிந்த கிழமையில் அப்னாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. பஹ்மிதா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். கோப்பையில் எடுத்து வைத்தாள். வினோஜா வந்து பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். கிளினிக்கில் தந்த ஜீவனி உப்பைக் கரைத்துப் பருக்கினாள், பாலும் கொடுத்தாள். மறுநாள் விடியும்போது பிள்ளையின் கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல் போயிருந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். அங்கே அவர்கள் தங்களால் இயன்ற அனைத்தும் செய்தார்கள், அவர்கள் மீது எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அப்னாவின் ஜனாஸாவை அடக்கினோம். அவளுடைய கோப்பை அதற்கு முன்பே தங்கள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

6. பிள்ளை ஏன் போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் வாய்கள் சும்மா இருக்காது. வெள்ள நிவாரணம் கொடுத்த அன்று பஹ்மிதா வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்திருந்தாள். அவளுடைய மாமியார் சரீபா பாலமுனையிலிருந்து மௌத்து வீட்டுக்கு வந்தவர், எல்லோருக்கும் முன்னால், "வெயில்ல வெந்த உடம்போட வந்து சூட்டுப்பால் குடுத்தா புள்ள தங்குமா?" என்று கேட்டுவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். பேத்தியைப் பறிகொடுத்த துக்கத்தில் ஒரு காரணம் தேடினார், கைக்கு அகப்பட்டது மருமகள். ஆனால் சொல் விழுந்துவிட்டது. பஹ்மிதாவின் கணவர் றாஸிக் நெல் லொறி ஓட்டுபவர். தாய் சொன்னதை அவர் ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் தங்கைக்கு அந்த மௌனம் மாமியாரின் சொல்லை விடப் பெரிதாகப் பட்டது. அவளும் நம்பத் தொடங்கினாள்.

7. அந்தக் காலமெல்லாம் முடிவு வரும் வரும் என்று பார்த்திருந்தோம். வினோஜாவின் வேலை ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். வேறு எவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவ்வாண்டு ஆடி மாதம் ஓர் அழைப்பு வந்தது. எங்கள் குறிச்சியில் செய்த ஆய்வுக்கு வெளிநாட்டில் ஏதோ விருது கிடைத்திருக்கிறதாம். பொறுப்பு வைத்தியருக்கு ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா, வாகையடித் தாய்மாரும் வந்து சிறப்பிக்க வேண்டுமாம். பஸ் அனுப்பினார்கள், போனோம். கதிரைகள் நிரம்பியிருந்தால் எங்களை நினைத்திருப்பார்களா என்று இப்போது யோசிக்கிறேன். வைத்தியருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மாலையிட்டார்கள், வாழ்த்துப்பா வாசித்து அதைச் சட்டம் போட்டுக் கையிலும் கொடுத்தார்கள். எங்களுக்கு றோல்ஸ் ஒன்றும் பட்டிஸ் ஒன்றும் வைத்த பார்சல் தந்தார்கள். பிறகு வைத்தியர் ஆங்கிலத்தில் பேசினார், திரையில் படங்கள் ஓடின. எல்லோரும் கைதட்டிய இடத்தில் நானும் கைதட்டினேன்.

8. அப்போது திரையில் எங்கள் தொழுகையிடமான தைக்காவின் கிணறு வந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. என் பக்கத்தில் எங்கள் சங்கப் பொருளாளர் நஸீறா இருந்தார், ஆங்கிலம் படித்தவர். அவர் தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அவர் காதோடு சொன்னது இதுதான்: தைக்காவின் புதிய மலசலகூடக் குழி கிணற்றுக்கு மிக அருகில் இருக்கிறது, மணல் தரையில் ஊறிக் கிணற்றுக்குள் மலக்கிருமி இறங்கியிருக்கிறது, எங்கள் வீதிப் பிள்ளைகள் பலரின் கோப்பையிலும் அதே கிருமிதான் இருந்திருக்கிறது. இது 2024 நடுப்பகுதியிலேயே உறுதியாகிவிட்டதாம். அதாவது வைத்தியருக்குத் தெரியும், வெளிநாட்டில் விருது கொடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த மண்டபத்தில் ஆங்கிலம் அறிந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கிணற்றில் அன்று காலையும் தண்ணீர் அள்ளியவர்களுக்குத்தான் தெரியாது.

9. அடுத்த படத்தில் ஒரு கை, போத்தல் தண்ணீரில் ஜீவனி கரைத்துக்கொண்டிருந்தது. முகம் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் பெருவிரலில் கதவு நசுக்கிய தழும்பு இருந்தது. அது என் தங்கையின் கை. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நஸீறா மொழிபெயர்த்தார்: 'தாய்மாரின் மத நம்பிக்கை சிகிச்சைக்குத் தடையாக உள்ளது.'

10. தலைவர் அவர்களே, அந்த ஒரு வரியைப் பற்றித் தங்களுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தைக்காக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் போத்தலில் கொண்டுபோவோம். தைக்காவின் காலிதீன் மௌலவி அதில் ஓதி ஊதித் தருவார். ஓதிய தண்ணீரை அடுப்பில் ஏற்றமாட்டோம், கால் படும் இடத்தில் ஊற்றமாட்டோம், அது மரியாதை. ஜீவனியைக் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும், கிளினிக்கில் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஓதிய தண்ணீர் சுத்தமானது, அதற்கு மேல் நெருப்பு எதற்கு என்று நினைத்தோம். இரண்டு மருந்தும் ஒரே கிளாசில் போனால் நல்லதுதானே என்று நினைத்தோம். அது எங்கள் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிழையைத் தங்கள் ஆய்வாளர்கள் கண்டார்கள், படம் பிடித்தார்கள், பெயர் வைத்தார்கள், விருதும் வாங்கினார்கள். எங்களிடம் சொல்வதற்கு மட்டும் அவர்களுக்கு வாய் வரவில்லை.

11. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது கற்பனை அன்று. விழா முடிந்த மறுநாள் நஸீறாவும் நானும் காலிதீன் மௌலவியிடம் போய்க் கிணற்று விஷயத்தைச் சொன்னோம். அவர், "ஓதினத்தை ஏன் கொதிக்க வைக்கணும்? கொதிக்க வெச்சி ஆறினத்தைக் கொண்டு வாங்க, நான் ஓதித் தாரன்" என்றார். அன்று இஷாத் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியிலும் அதையே அறிவித்தார். தைக்கா நிர்வாகத்தினர் கிணற்றை மூடி, தொழுகைக்கு முன் ஒழு செய்யும் இடத்துக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்தார்கள். ஆய்வு சொன்ன அந்தத் தடை ஒரு நாளில் நீங்கிவிட்டது. அதன் பிறகு வயிற்றோட்டம் குறைந்திருக்கிறது என்று எங்கள் குடும்பநல மாது சொல்கிறார். கணக்கு என்னிடம் இல்லை, மாரி வந்தால்தான் உண்மை தெரியும். ஆய்வை நான் குறை சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கிணற்றைக் கண்டுபிடித்தது ஆய்வுதான், நாங்களாக அதை ஒரு நாளும் கண்டுபிடித்திருக்கமாட்டோம். இவ்வளவு பெறுமதியான ஒன்றை ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்கு ஒளித்து வைத்தார்களே என்பதுதான் என் முறைப்பாடு.

12. இம்மனுவின் முக்கிய விடயத்துக்கு இப்போது வருகிறேன். கடந்த மாதம் பஹ்மிதாவுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. பஸால் என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்னும் நாற்பது நாள் கழியவில்லை. பஹ்மிதா அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க மறுக்கிறாள். ஒரு பிள்ளையைத் தன் பால் கொன்றது போதும் என்கிறாள். பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுக்கிறாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள்தான், ஆனால் போத்தலும் சூப்பியும் எந்நேரமும் சுத்தமாக இருப்பதற்கு அது வைத்தியசாலை அல்ல, வீடு. ஏற்கெனவே பிள்ளைக்கு ஒரு தடவை வயிறு இளகிவிட்டது. அன்று பஹ்மிதா அவனைத் தூக்கவும் பயந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

13. குடும்பநல மாது வந்து சொன்னார். கிளினிக் டொக்டர் சொன்னார். தாய்ப்பாலால் பிள்ளை சாகாது, வெயிலில் நின்றால் பால் நஞ்சாகாது, வயிற்றோட்டத்துக்குத் தாய்ப்பால்தான் காவல் என்று எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். காலிதீன் மௌலவியும் வீட்டுத் திரைச்சீலைக்கு வெளியே இருந்து புத்தி சொன்னார். திரையில் கண்ட கிணற்றைப் பற்றி நானும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கிணறு எல்லாருக்கும் பொதுதானே ராத்தா. எண்ட புள்ள மட்டும் ஏன் மௌத்தாகணும்? அவங்க எல்லாரும் பொதுவாத்தான் சொல்றாங்க. எண்ட புள்ளைட கோப்பை அவங்கட கையில இல்லையே. கோப்பை வெச்சிருக்கிறவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க." அவள் கேட்பது நியாயம். பதில் தங்களிடம் இருக்கிறது.

14. ஆகவே கேட்டேன். முதலில் வினோஜாவின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். அப்னா மௌத்தானதே அவருக்குத் தெரியாது, தொலைபேசியிலேயே அழுதுவிட்டார். "அக்கா, கோப்பையில பேர் போடுறதில்ல, வீட்டு இலக்கம்தான். முடிவு எங்களுக்கும் காட்டமாட்டாங்க" என்றார். பிறகு ஆய்வு அலுவலகத்துக்கு எடுத்தேன். பொறுப்பு வைத்தியர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வந்த பிறகு எடுத்தேன், அடுத்த மாநாட்டுக்குப் போயிருந்தார். எழுத்தில் கேளுங்கள் என்றார்கள், தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றார்கள், நஸீறா எழுதித் தந்தார். கடைசியில் ஒரு பதில் வந்தது. பங்குபற்றியவர்களின் இரகசியத்தைப் பாதுகாக்கும் பொருட்டுத் தனிநபர் முடிவுகள் எவருக்கும் வழங்கப்படமாட்டா என்று இருந்தது.

15. இந்த இரகசியம் யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறது என்று தங்கள் குழுவை மிகப் பணிவுடன் கேட்க விரும்புகிறேன். அப்னா இப்போது எந்தப் பாதுகாப்பும் தேவைப்படாத இடத்தில் இருக்கிறாள். அந்த மலத்தைத் தன் கையால் கோப்பையில் எடுத்து வைத்தவள் பஹ்மிதா. அவள் கொடுத்ததை அவளுக்கே மறைப்பதன் பெயர் இரகசியம் என்றால், அவளுடைய கையை ஊரறிய மேடையில் காட்டியதன் பெயர் என்ன? பெயர் இல்லை, இலக்கம்தான் என்கிறார்கள். அந்த இலக்கம் எங்கள் ஒவ்வொரு வீட்டு நிலையிலும் தங்கள் ஆட்கள் ஒட்டிய ஸ்டிக்கரில் இன்னும் இருக்கிறது. பஹ்மிதாவின் வீடு வா 37. போகிற வருகிற ஆடும் கோழியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகின்றன.

16. இப்போது இந்த மாரியோடு ஆய்வின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது, தாய்மாரை ஒன்றுகூட்டித் தாருங்கள் என்று எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றுகூட்டினேன். எல்லோரும் வந்தார்கள். முதல் கோப்பையின் பதில் வரும் வரை அடுத்த கோப்பை இல்லை என்று தீர்மானித்தோம். இதில் பகையோ பிடிவாதமோ இல்லை. கடையில் ஒரு தடவை ஏமாந்தவன் கூட மறுதடவை கேட்டுவிட்டுத்தான் வாங்குவான்.

17. எனவே தங்கள் குழு தன் அதிகாரத்தைப் பயன்படுத்திப் பின்வருவனவற்றைச் செய்வித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்:

(அ) வா 37 இலக்க வீட்டிலிருந்து 2024 தை மாதம் எடுத்துச் செல்லப்பட்ட மாதிரியில் என்ன இருந்தது என்பதை, ஆய்வில் பொறுப்புள்ள ஒரு வைத்தியர் நேரில் வந்து, பஹ்மிதாவிடம், தமிழில், வாயால் சொல்ல வேண்டும். அவர் வரும் நாளில் றாஸிக்கையும் மாமி சரீபாவையும் அங்கே இருக்கச் செய்வது என் பொறுப்பு. கடிதம் அனுப்ப வேண்டாம், கடிதத்தை என் தங்கை நம்பமாட்டாள். கோப்பையை வைத்திருப்பவரின் வாயால் வர வேண்டும்.

(ஆ) முடிவு எதுவாக இருந்தாலும் அதையே சொல்ல வேண்டும். எங்களைத் தேற்றுவதற்காக எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தக் கோப்பை மட்டும் சோதிக்கப்படாமல் விடுபட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது எங்களுக்குக் கசக்கும், ஆனாலும் தெரியாமல் இருப்பதை விட அது மேல்.

(இ) மற்ற வீடுகளுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேற வேண்டும். இதற்கு மண்டபமும் பொன்னாடையும் தேவையில்லை, தைக்கா முற்றம் போதும். கதிரையும் தேத்தண்ணியும் எங்கள் சங்கத்தின் செலவு.

18. (அ)வில் கேட்டதை மாரிக்கு, அடுத்த கூட்டத்துக்கு, மாநாடு முடிந்து வருவதற்கு என்று தள்ளிவைக்க இயலாது என்பதைத் தாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்காத பால் எத்தனை நாள் ஊறும் என்பது வைத்தியர்களாகிய தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த வளவில் பஸால் அழும் ஒவ்வொரு தடவையும் பஹ்மிதாவின் சட்டை முன்பக்கம் நனைகிறது. அவள் அதை மாற்றிக்கொண்டு போய்ப் போத்தலைக் கழுவுகிறாள். நேற்று அது முன்னைப் போல் நனையவில்லை. முற்றாகக் காய்வதற்கு முன் ஒருவரை அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம், வாக்குக்குப் பிணை நின்றவள்,

(ஒப்பம்)
மீ. ஹாஜறா

இடம்: கல்முனை
திகதி: 2025.10.06

சம்மதப் பத்திரம்

வா 37 இலக்க வீட்டில் வசிப்பவளும், மர்ஹூமா அப்னாவின் தாயுமாகிய நான், என் மகளின் கோப்பையில் என்ன இருந்தது என்பதை எனக்குச் சொல்வதற்கு என் முழுச் சம்மதத்தையும் இத்தால் தெரிவிக்கிறேன்.

(ஒப்பம்)
மீ. பஹ்மிதா